அரிசி மூட்டைக்கு அப்புறம்: பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரை ஐந்து நாள்

நாள் 1: பாரிமுனை

பருவமழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. துபாயிலும் சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும் இருக்கிற ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர்க்காரர்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறின படம் வந்த பிறகுதான் வெள்ள நிவாரண வசூலை ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னாலேயே வழியை ஒரு தடவை நடந்து பார்க்கத்தான் இந்தப் பயணம். பணம் எங்கே இறங்குகிறது, எங்கே பொருளாகிறது, வண்டி எந்த முனையில் நின்றுவிடுகிறது, கடைசியில் யார் கைக்குப் போகிறது என்ற வரிசையிலேயே போகிறோம். அதனால் முதல் நாள் கடலும் கிடையாது, கால்வாயும் கிடையாது. தம்புச் செட்டித் தெருவில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ் மாடிப்படிதான்.

அங்கே முதலில் கேட்ட கேள்வி "எவ்வளவு சேரும்?" இல்லை. "அனுப்புறவங்க கையில் எந்த பாஸ்போர்ட்?" என்பதுதான். எல்லாச் சிக்கலும் இதில்தான் தொடங்குகிறது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அவர் எந்த நாட்டில் வேலை பார்த்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வராது. அதே தெருவில் பிறந்தவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், கையில் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். அதுவும் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி தலைமைக் கிளையில் உள்ள கணக்கில்தான் இறங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய அமைப்பு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குத் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. "பெரிய டிரஸ்ட் வாங்கி நம்ம குப்பத்து மன்றத்துக்குக் கொடுத்துடும்" என்று திட்டம் போட்டிருந்தால் இப்போதே கிழித்துவிடலாம். அண்ணன் தங்கைக்கும் மாமன் மச்சானுக்கும் அனுப்புவது வேறு கணக்கு. உறவினரிடமிருந்து வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை வந்தால் அரசுக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒரே உண்டியல் வேண்டாம், இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்திய பாஸ்போர்ட்காரர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். பாஸ்போர்ட் முதல் பக்க நகலை அனுப்பும்போதே வாங்கி வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பாதிப் பேர் போனையே எடுக்க மாட்டார்கள்.

இதைவிட அதிகம் நடக்கிற தப்பு ஒன்று உண்டு. "தம்பி கணக்குக்குப் போட்டுடுங்க" என்று உள்ளூர்ப் பையன் ஒருவனின் ஜிபே எண்ணைப் போடுவது. பையன் தங்கமானவனாகவே இருக்கட்டும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால், வருமான வரிச் சட்டப்படி அந்த முழுத் தொகையும் அவன் வருமானம். அதோடு முந்நூறு பேர் இரண்டு நாளில் பணம் போட்டால் வங்கி சந்தேகப்பட்டுக் கணக்கை நிறுத்தி வைக்கும். சனிக்கிழமை ராத்திரி நின்றால் திங்கள்கிழமை வரை கேட்க ஆள் கிடையாது. தண்ணீர் திங்கள்கிழமைக்குக் காத்திருக்காது.

அனுப்புகிற படிவத்தில் ஒரு சின்ன விஷயம்: நோக்கக் குறியீடு. குடும்பச் செலவுக்கு பி1301, தனிநபர் அன்பளிப்புக்கு பி1302, இந்திய அறக்கட்டளைகளுக்கான நன்கொடைக்கு பி1303. ஊருக்கு மாதாமாதம் அனுப்புகிற பழக்கத்தில் எல்லாரும் முதல் குறியீட்டையே தட்டிவிடுகிறார்கள். அப்புறம் டிரஸ்ட் கணக்கில் குடும்பச் செலவுப் பணம் என்று வந்து நிற்கும், தணிக்கையில் அதை விளக்கியே மூச்சு முட்டும். வங்கிக் கட்டணம் முழுவதும் அனுப்புபவர் பொறுப்பு என்ற தேர்வை மறக்காமல் போடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் இருக்கிற வங்கி ஆளுக்கொரு கடி கடித்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கொடுக்கும். பத்துப் பேர் தனித்தனியாகச் சின்னத் தொகை அனுப்பினால் பத்துக் கடி.

நீங்கள் இருக்கிற நாட்டுச் சட்டமும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் பெற்ற அமைப்புகள் தவிர யாரும் நன்கொடை திரட்டக் கூடாது. வாட்ஸ்அப்பில் கணக்கு எண் போட்டு "உதவுங்கள்" என்று எழுதுவதும் அதில் அடங்கும், அபராதம் லட்சக்கணக்கான திர்ஹம். சிங்கப்பூரில் வெளிநாட்டு உதவிக்காகப் பொதுமக்களிடம் வசூலிக்க அறக்கொடை ஆணையரின் அனுமதி வேண்டும். எந்தத் தலைவலியும் வேண்டாம் என்பவர்களுக்கு முதலமைச்சரின் பொது நிவாரண நிதி இருக்கிறது. ஆனால் அது எந்தத் தெருவுக்குப் போகிறது என்று நீங்கள் கேட்க முடியாது.

நாள் 2: செங்குன்றம், புழல்

காலை ஆறரைக்கே மாதவரம் ரவுண்டானா தாண்டிவிட்டோம். எட்டு மணிக்கு மேல் இந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நிற்பதே வேலையாகிவிடும்.

சென்னைக்கு அரிசி என்றால் செங்குன்றம். ஆலை வாசலிலேயே வாங்கலாம். ஒரு வேடிக்கை: இங்கே 25 கிலோ மூட்டைக்குப் பக்கத்தில் 26 கிலோ மூட்டை நிற்கும். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. ஒரு கிலோ கூட்டினால் வரி இல்லை. நிவாரணத்துக்குக் கொத்தாக வாங்குகிறவர்கள் 26 கிலோ மூட்டையாக எடுத்து, கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பிரித்துக் கட்டுவதுதான் லாபம். பிரிக்கக் கூலி, பை, தராசு எல்லாம் சேர்த்துப் பார்த்த பிறகும் லாபம்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: புழுங்கல்தான், பச்சரிசி வேண்டாம். புது அரிசி குழைந்துவிடும், ஆறு மாதமாவது பழசு கேளுங்கள். நடு மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துக் கடித்தால் "டக்" என்று உடைய வேண்டும். மெத்தென்று இருந்தால் ஈரம் இருக்கிறது, மழை நாளில் பத்தே நாளில் வாடை வந்துவிடும். மேல் மூட்டையைக் காட்டி அடி மூட்டையை ஏற்றுவது பழைய வித்தை. ஏற்றும்போது ஆள் நிற்க வேண்டும், இடையிடையே பத்து மூட்டையைத் தராசில் போட்டுப் பார்க்க வேண்டும். வெறும் பின்னல் சாக்கு தண்ணீரைக் குடிக்கும். உள்ளே பாலிதீன் பை போட்டதாகக் கேளுங்கள்.

ஆனால் அரிசியைப் பற்றி எங்கள் கருத்து வேறு. முதல் மூன்று நாள் அரிசி ஒரு சுமை. அடுப்பு தண்ணீரில், சிலிண்டர் மிதந்து போயிருக்கும், விறகு ஈரம். அப்போது வேண்டியது சமைத்த சோறு. ஒரு கிலோ அரிசியில் எட்டுப் பொட்டலம் வரும், நூறு பொட்டலத்துக்குப் பன்னிரண்டரை கிலோ. சாம்பார் சாதம் சூடாகப் பையில் கட்டினால் நாலைந்து மணி நேரத்தில் புளித்துவிடும். காலையில் கட்டிப் படகில் அலைந்து மாலையில் கொடுத்தால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். நல்லெண்ணெய் ஊற்றிக் கிளறின புளிசாதம், ஆற வைத்துக் கட்டியது, ராத்திரி வரை தாங்கும். எலுமிச்சை சாதம் அதற்கு அடுத்து.

நாலாவது நாளிலிருந்து பத்தாவது நாள் வரைதான் மளிகைப் பைக்கு வேலை. பத்து கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், புளி, டீத்தூள், சர்க்கரை, தீப்பெட்டி எல்லாம் சேர்ந்து சுமார் 15 கிலோ. குட்டி யானை எனப்படும் சின்ன லாரி 750 கிலோ இழுக்கும் என்று கணக்கு, ஆக ஒரு நடைக்கு ஐம்பது பை. எண்பது ஏற்றுவார்கள். தேங்கின தண்ணீரில் சைலன்சர் முங்கி நடுவழியில் நிற்பது அந்த எண்பது பை வண்டிதான்.

மதியம் புழல் ஏரிக் கரை. மொத்தக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, முழு மட்டம் 21.20 அடி. வெளியூரிலிருந்து உதவி செய்பவர்கள் மழை அளவைப் பார்க்கிறார்கள், இந்த மட்டத்தைப் பார்ப்பதில்லை. இங்கே திறக்கிற உபரி நீர் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையன்குப்பம் வழியாக எண்ணூர்க் கடலுக்குப் போக வேண்டும். பூண்டி ஏரியில் திறந்தால் கொசஸ்தலையாற்றில் வந்து இடையன்சாவடி, மணலி புதுநகர், சடையன்குப்பம் பக்கம் ஏறும். மழை நின்று வெயில் அடிக்கிற நாளிலும் மணலி புதுநகரில் தண்ணீர் கூடுவது இதனால்தான். இரண்டு ஏரித் தண்ணீரும் சேர்கிற இடம் எண்ணூர் முகத்துவாரம். புயல் கடலை உயர்த்திப் பிடித்திருந்தாலோ, அமாவாசை பௌர்ணமி ஏற்றமாக இருந்தாலோ, வாயில் மணல் மேடிட்டிருந்தாலோ தண்ணீர் கடலுக்குள் போகாது, திரும்பித் தெருவுக்கு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் 3, 4 தேதிகளில் சென்னைக்கு எதிரே கடலில் மெல்ல நகர்ந்தபடியே கொட்டிவிட்டு, 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரை கடந்தது. கரை கடந்த செய்தியைப் பார்த்து "முடிஞ்சுது" என்று நினைத்தவர்கள் ஏராளம். மணலிக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் ஆரம்பம்.

நாள் 3: வண்ணாரப்பேட்டை, எம்.சி. ரோடு

சுருக்கமாக முடித்துவிடலாம். பழைய துணி அனுப்பாதீர்கள். விமானச் சரக்குக் கூலியும் சுங்கமும் கட்டிக் கொண்டுவந்த கோட்டையும் ஸ்வெட்டரையும் எண்ணூரில் யார் போடுவது? ஈரத்தில் குவித்த பழந்துணி மூன்றாம் நாள் நாறும், குப்பை வண்டிக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும்.

எம்.சி. ரோட்டில் மொத்த விலைக்குப் புது நைட்டி, லுங்கி, துண்டு, போர்வை, குழந்தை உடுப்பு எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். யாரும் வாய்விட்டுக் கேட்காதது உள்ளாடை. அதுதான் முதலில் வேண்டும். நைட்டியில் பெரிய அளவு பாதி, நடுத்தரம் பாதி வாங்கினால் போதும், சின்னது தேங்கும். சானிட்டரி நாப்கினைக் கறுப்புப் பையில் தனியாகக் கட்டி, பெண்கள் கையில் பெண்களே கொடுப்பதுதான் சரி. பொதுப் பையில் போட்டால் வீட்டு ஆண்பிள்ளை பிரித்துப் பார்த்துத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவான்.

திரும்பும்போது வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையைப் பார்த்தோம். மழை என்றால் தண்ணீர் தேங்கி மூடுகிற பாதைகளில் இதுவும் ஒன்று. வண்டிக்கு வழி போடும்போது இதை வரைபடத்திலேயே அடித்துவிடுங்கள்.

நாள் 4: எண்ணூர்

கும்மிடிப்பூண்டி ரயிலில் கத்திவாக்கத்தில் இறங்கினால் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன: தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், ஆற்றோரமாகக் காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம். சந்துக்குள் குட்டி யானையே நுழையாது. முனையில் இறக்கி மீன்பாடி வண்டியில்தான் (சரக்குத் தட்டு வைத்த மூன்று சக்கர வண்டி) உள்ளே போக வேண்டும். மீன்பாடி வண்டிக்காரருக்குக் கூலியை முன்கூட்டியே பேசி எழுதிவிடுங்கள். அவர் வீட்டிலும் தண்ணீர்தான்.

"அரிசி வேணாங்க்கா, அரிசி கெடக்குது. வலைக்கு எதுனா வழி இருந்தா சொல்லுங்க." வெள்ளத்துக்கு மூன்று வாரம் கழித்து இங்கே போனால் காதில் விழுவது இந்த மாதிரிப் பேச்சுதான். அந்த நேரத்தில் வெளியூர்ப் பணம் எல்லாம் அரிசியாகக் கரைந்து முடிந்திருக்கும்.

2023இல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெயும் வந்தது. பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் பரவி, படகின் பக்கவாட்டிலும் வலையிலும் தார் மாதிரி ஒட்டியது. எண்ணெய் ஏறின நைலான் வலையைச் சோப்பு போட்டு, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பார்கள். கறை மங்கும், வாடை போகாது, வலையின் ஒவ்வொரு கண்ணிலும் பிசுபிசுப்பு நிற்கும், அந்த வலையில் வந்த மீனை ஏலத்தில் எடுக்க மாட்டார்கள். அந்த வலை குப்பைக்குத்தான். புது வலை என்றால் கடையில் போய் ஒன்று எடுத்து வருவதல்ல. வலைத்துண்டைக் கிலோ கணக்கில் வாங்க வேண்டும். கண் அளவு மில்லிமீட்டரில் சொல்ல வேண்டும், இறாலுக்கு வேறு, மடவைக்கு வேறு, நண்டுக்கு வேறு. மேல்கயிறு, அடிக்கயிறு, மிதப்பு, ஈயக்குண்டு தனித்தனி. எல்லாம் சேர்த்துக் கோர்க்க இரண்டு ஆளுக்குப் பல நாள் வேலை, அந்தக் கூலியும் கணக்கில் வர வேண்டும். நூறு வலை என்று ஒரே கண் அளவில் மொத்தமாக வாங்கிக் கொடுத்தால் எழுபது வலை பரணில் கிடக்கும். வலைக்காரரையே கடைக்கு அழைத்துப் போய், அவர் கேட்கிற கண்ணை எடுக்கவிட்டு, பணத்தைக் கடைக்காரர் கணக்குக்கு நேராகப் போடுங்கள். ரசீதில் கண் அளவும் கிலோவும் இருக்கட்டும்.

எஞ்சின் விஷயம் இன்னும் அவசரம். உப்புத் தண்ணீரில் முங்கின வெளிப்புற எஞ்சினை எடுத்ததும் கயிற்றை இழுத்து ஓட்டிப் பார்க்கிறார்கள், அங்கேதான் கெடுகிறது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது இழுத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பிளக்கைக் கழற்றி, எஞ்சினைக் கவிழ்த்து, ஃபிளைவீலை மெல்லச் சுற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும். கார்புரேட்டரையும் டேங்கையும் காலி செய்ய வேண்டும். பிளக் ஓட்டையில் எண்ணெய் ஊற்றி மறுபடி சுற்ற வேண்டும். அதற்கப்புறம் மெக்கானிக் கை. வெளியே எடுத்த அன்றைக்கே இவ்வளவும் செய்தால் எஞ்சின் பிழைக்கும். காற்றுப் பட்டபடி ஒரு வாரம் கிடந்தால் பேரிங் துருப்பிடித்து இறுகி, செலவு பல மடங்காகும். ஆகவே வெள்ளத்துக்கு அடுத்த நாளே இரண்டு மெக்கானிக்கைத் தினக்கூலிக்கு அமர்த்தி, ஒரு டிரம் நல்ல தண்ணீரோடு குப்பத்தில் உட்கார வைப்பதுபோல் லாபமான நிவாரணம் வேறு இல்லை. புகைப்படத்துக்கு அழகாக இருக்காது, அதனால் யாரும் செய்வதும் இல்லை.

இன்று மாலை பார்த்த காட்சியைச் சொல்ல வேண்டும். சாம்பல் நிறத் தண்ணீரில் இடுப்பளவுக்கு மேல் இறங்கி, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள். இருளர் பழங்குடிக் குடும்பங்களும் உண்டு. பிடித்ததைப் போட ஒரு பறி, அவ்வளவுதான் முதலீடு. படகு இல்லை, எஞ்சின் இல்லை, வலையும் இல்லை. எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவித்த நிவாரணம் படகுக்கு 10,000 ரூபாய், வாழ்வாதாரம் இழந்த மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. படகுப் பதிவையும் சங்க உறுப்பினர் பட்டியலையும் வைத்துப் பெயர் எடுத்தால் இவர்கள் எந்தப் பட்டியலிலும் வர மாட்டார்கள். குப்பத்து மன்றத்தில் கொடுக்கிற பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள், மறுக்க வேண்டாம். ஆனால் அதிகாலையில் ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் நின்று, தண்ணீரிலிருந்து ஏறுகிறவர்களை நீங்களே எழுதுங்கள். மீன் விற்கிற கூடைக்காரப் பெண்களையும் அப்படியே. அவர்களுக்கு அலுமினிய அன்னக்கூடையும் ஐஸ் பெட்டியும் தராசும் போனால் பிழைப்பு போச்சு.

அவர்களுக்கு ரொக்கமாகக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், தண்டல்காரர் வராத நாளாகப் பார்த்து. பத்தாயிரம் என்று எழுதி, பிடித்தம் போக மிச்சத்தைக் கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாயாக நூறு நாள் வசூலிக்கிற கடன் இது. வெள்ளத்தில் நாலு நாள் விட்டுப்போனால் பாக்கி ஏறியிருக்கும். நிவாரணப் பணம் வாசலைத் தாண்டுவதற்குள் அது பிடிபட்டுவிடும். அன்னக்கூடையை வாங்கிக் கொடுத்தால் அதைப் பிடுங்க மாட்டார்கள்.

நாள் 5: மணலி புதுநகர், சடையன்குப்பம்

இங்கே பார்க்க வந்தது சீட்டு முறை, அதாவது கடையில் கொடுத்துப் பொருள் வாங்குகிற கூப்பன். மூன்றாவது வாரத்திலிருந்து பையைவிடச் சீட்டு நல்லது. தெருக்கடைக்காரரின் சரக்கும் ஊறிப் போயிருக்கும், நாம் செங்குன்றத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொண்டே இருந்தால் அவர் கடை திறக்கவே மாட்டார். ஆயிரம், ஐந்நூறு என்று இரண்டு சீட்டு. வரிசை எண், ரேஷன் கார்டின் கடைசி நாலு எண், காலாவதித் தேதி. கடைக்காரர் வாரக் கடைசியில் சீட்டைக் கொடுத்தால் அவர் கணக்குக்குப் பணம்.

கோளாறு மூன்று இடத்தில் வரும். சீட்டை ஜெராக்ஸ் எடுப்பார்கள், அதனால் கலர்த் தாளில் அச்சடித்து மேலே ரப்பர் முத்திரை குத்த வேண்டும். விலையை ஏற்றுவார்கள், அதனால் இருபது பொருளுக்கு விலைப்பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கடையிலேயே ஒட்ட வேண்டும், இரண்டு கடையாவது இருக்க வேண்டும். ஆயிரம் ரூபாய்ச் சீட்டுக்கு எண்ணூறு ரொக்கம் என்று மாற்றுவார்கள். இதைத் தடுக்க முடியாது. மருந்துக்குக் காசு வேண்டியவர்தான் மாற்றுகிறார், அவரைத் திட்டி என்ன பயன்? மருந்துக் கடையையும் சீட்டில் சேர்த்தால் பாதி குறையும்.

2023இல் அரசின் 6,000 ரூபாய் வெள்ள நிவாரணம் ரேஷன் கடை வழியாக, டோக்கன் கொடுத்து வந்தது. கார்டு இல்லாதவர்கள் தனியாக மனு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. வாடகை வீட்டுக்காரர்கள், மணலித் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை செய்கிற பீகார், ஒடிசா ஆட்கள் பின்தங்கிப் போவது அங்கேதான். ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், தமிழும் இந்தியும் எழுதத் தெரிந்த இரண்டு பேர். இந்தச் செலவு ஒரு குட்டி யானை அரிசியைவிடக் குறைவு, நூற்றுக்கணக்கான வீட்டுக்கு அரசுப் பணத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். நனைந்த ஆதார், பாஸ்புக், பட்டா நகல்களுக்கு மனு எழுதுவதும் அதே மேஜையில்.

சடையன்குப்பத்தில் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்தோம். வெள்ளம் புகுந்த தரைத்தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுப் போவது நிவாரணம் இல்லை. முதலில் இறைத்துச் சேற்றை அள்ள வேண்டும், சுவரைத் தேய்க்க வேண்டும், புதுத் தண்ணீர் விட வேண்டும். பிறகு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர். அதை ஒரு வாளியில் கரைத்து, தெளிய விட்டு, மேல்தண்ணீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். கலங்கல் தண்ணீரில் குளோரின் சேற்றோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். போன வருடத்து மூட்டையை வாங்காதீர்கள். காற்றுப் பட்டு வீரியம் போயிருக்கும், மூக்கில் ஏறாத பவுடர் வெறும் சுண்ணாம்பு.

பணத்தைப் பிரிப்பதில் எங்கள் கணக்கு: நூறு ரூபாயில் இருபது முதல் வாரத்துச் சோற்றுக்கும் துணிக்கும், முப்பது மளிகைக்கும் சீட்டுக்கும் தொட்டிக்கும், ஐம்பது மூன்றாவது வாரத்துக்கு மேல் வலை, எஞ்சின், கூடை, மனு மேஜைக்கு. முதல் வாரத்தில் நெருக்கடி அதிகம் இருக்கும், "இன்னும் வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க" என்று குழுவில் சத்தம் போடுவார்கள். அந்த ஐம்பதைத் தொடாதீர்கள்.

மழைக்கு முன்னால் முடித்தது: எண்ணூரில் இரண்டு கடை, மணலி புதுநகரில் இரண்டு கடை விலைப்பட்டியலில் கையெழுத்து போட்டாயிற்று. மெக்கானிக் இருவரிடம் தினக்கூலி பேசியாயிற்று. டிரம் வாங்கியாயிற்று, தாழங்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் கவிழ்த்து வைத்திருக்கிறது. அடுத்த பதிவு பூண்டி ஷட்டர் திறந்த அன்று.